பள்ளி நேரத்தில் புயலோ வெள்ளமோ வந்தால்: மொரீஷியஸ் ஆரம்பப் பள்ளிப் பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்தாலே பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் இதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலை அடியில் எழுதியிருக்கிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் புயல் காலம் நவம்பர் 1 முதல் மே 15 வரை. பள்ளி ஆண்டு தொடங்குவதோ ஜனவரியில். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பழகுவதற்குள் புயல் காலம் உச்சத்துக்கு வந்துவிடும். மூன்றாம் தவணையில் சாவகாசமாகப் பயிற்சி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பள்ளிக்கு அந்த ஆண்டு அந்தப் பயிற்சியால் பிரயோஜனம் இல்லை.

"புயல் எச்சரிக்கையில் கிளாஸ் 1, கிளாஸ் 2 என்கிறார்களே, நம்பர் கூடினால் புயல் பலமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?"

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எண், நம் கையில் இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்பதைச் சொல்வது. காற்றின் திடீர் வீச்சு மணிக்கு 120 கி.மீ. தொடக்கூடும் என்றால், அதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு கிளாஸ் 1. அந்தக் காற்று வருமுன் இயன்றவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி கிளாஸ் 2. அதுவே 6 மணி நேரமாகக் குறையும்போது கிளாஸ் 3. 120 கி.மீ. காற்று பதிவாகி, அது தொடரும் என்றால் கிளாஸ் 4. புயலின் பலத்துக்குத் தனி அளவு உண்டு. தொடர்ந்து வீசும் காற்று 63 கி.மீ. தொட்டால் புயலுக்குப் பெயர் வைப்பார்கள், 118 கி.மீ. தொட்டால் அது வெப்பமண்டலச் சூறாவளி.

"இயன்றவரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். புயல் திசை மாறினாலோ வேகம் எடுத்தாலோ அந்த 12 மணி நேரம் சுருங்கிவிடும். அதனால் கிளாஸ் 2 வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பள்ளி வேலைகளைத் தள்ளிப்போடக் கூடாது. சன்னல் அடைப்பது, கூரை வடிகால் துப்புரவு செய்வது, பதிவேடுகளை மேலே ஏற்றுவது எல்லாமே கிளாஸ் 1 நேரத்து வேலைகள்.

"பள்ளி உண்டா இல்லையா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?"

கல்வி அமைச்சின் அறிவிப்பைப் பார்த்து. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரும். வாட்ஸ்அப் குழுவில் வரும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய புயலின் வரைபடத்தைத் தேதி இல்லாமல் மறுபடி அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அறிவிப்பில் தேதி, நேரம், அடுத்த அறிக்கை எப்போது என்ற மூன்றும் இல்லையென்றால் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

"புயலுக்கு மூடுவது சரி. வெறும் மழைக்கு எதற்குப் பள்ளியை மூடுகிறார்கள்? எங்கள் ஊரில் வெயில் அடிக்கிறதே!"

நம் தீவின் அமைப்பு அப்படி. கியூர்பீப் பக்கம் மேட்டுநிலத்தில் கொட்டும் மழை, வெயில் காயும் கீழூர் ஆற்றில் சற்று நேரத்தில் வந்து நிற்கும். பரவலாக 12 மணி நேரத்துக்குள் 100 மி.மீ. மழை பெய்து, இன்னும் தொடரும் என்றால் அது பெருமழை நிலை. 100 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 100 லிட்டர். 2,000 சதுர மீட்டர் பள்ளி வளாகத்தின் மேல் மட்டும் 2 லட்சம் லிட்டர் விழுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2008 மார்ச் 26 வெள்ளத்துக்குப் பிறகு பெருமழையையும் புயலைப் போலவே கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 2013 மார்ச் 30 அன்று தலைநகர் போர்ட் லூயிஸில் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மி.மீ.க்கு மேல் பெய்ததில் 11 பேர் இறந்தார்கள். பலர் மாட்டிக்கொண்டது துறைமுகக் கரையில் உள்ள கோதான் கடைவளாகப் பக்கத்துச் சுரங்க நடைபாதையிலும் ஒரு கட்டடத்தின் அடித்தள வண்டி நிறுத்தத்திலும். அன்று சனிக்கிழமை, பள்ளிகள் இல்லை. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போதும் தலைநகரை முடக்கியது வெள்ளம்தான், தெருவில் கார்கள் மிதந்தன. காற்றுக்குப் பயப்பட நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தண்ணீருக்குப் பயப்படத்தான் இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

"மழை பிடித்துக்கொண்டதும் ஓடிப்போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மழை உச்சத்தில் இருக்கும்போது பிள்ளைக்கு மிக ஆபத்தான இடம் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள பாதை. ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவர் கால் தடுமாறும். 30 செ.மீ. இருந்தால் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் மூடி கழன்ற வடிகால் இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

200 பெற்றோர் 200 வண்டியில் ஒரே சந்துக்குள் வந்தால் இன்னொன்றும் நடக்கும். பள்ளி வேன்கள் வெளியேற முடியாது, தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாது. பள்ளிக் கட்டடம் பாதுகாப்பாக இருக்கும்வரை பிள்ளைகளை உள்ளேயே வைத்திருந்து, தண்ணீர் வடிந்த பிறகு அனுப்புவதுதான் முறை. கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தால் மாடிக்கு ஏற்றலாம். மாடி இல்லாத பள்ளி என்றால், அருகில் உயரமான இடத்தில் உள்ள கோயில் மண்டபம், சமூகக் கூடம், கல்லூரி ஏதாவது ஒன்றோடு முன்கூட்டியே பேசிச் சாவி யாரிடம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். மண்டபம் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்பது எல்லா ஊரிலும் நடப்பது. இரண்டு பேரிடம் சாவி இருக்கட்டும்.

வேன் ஓட்டுநரோடும் இதைப் பேசுங்கள். "வழக்கமான நேரம் ஆகிவிட்டது" என்று மழைக்குள் கிளம்புகிறவர் நல்ல எண்ணத்தில்தான் கிளம்புகிறார். தலைமையாசிரியர் கையெழுத்திட்டு விடுவிக்கும்வரை வேன் நகரக் கூடாது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

"என் தம்பியை அனுப்பினேன், பிள்ளையைத் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். சொந்த மாமாவையே நம்ப மாட்டார்களா?"

வாசலில் நிற்கும் ஆசிரியருக்கு அவர் உங்கள் தம்பி என்று எப்படித் தெரியும்? அவசர நேரத்தில் பள்ளி வாசலில்தான் அதிகம் குழப்பம் நடக்கிறது. ஒரு பிள்ளையை அப்பா ஒரு பக்கம் கூட்டிப்போக, அம்மா வந்து காணோம் என்று அழ, ஆசிரியர்கள் வகுப்பு வகுப்பாகத் தேட, அரை மணி நேரம் போய்விடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை போடுங்கள். அதில் பெற்றோர் தவிர இன்னும் இரண்டு பேரின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண். அந்த நால்வரில் ஒருவருக்கு மட்டுமே பிள்ளை. ஒப்படைக்கும்போது நேரம் எழுதிக் கையெழுத்து. அட்டைகள் காகிதத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுவலக அறையில் ஒரு கட்டு, துணைத் தலைமையாசிரியரிடம் ஒரு கட்டு. கணினியில் இருக்கிறது என்று நம்பியிருந்தால் மின்சாரம் போன பிறகு அது உதவாது. உங்கள் தம்பியின் பெயரை நாளைக்கே அட்டையில் சேர்த்துவிடுங்கள்.

"தமிழ் வகுப்பு நடக்கும்போது அபாய மணி அடித்தால் பிள்ளைகளை யார் கணக்கெடுப்பது?"

தமிழாசிரியர்கள் மட்டும் கேட்கும் கேள்வி இது. எல்லாரும் கேட்க வேண்டும். மொழி வகுப்பு நேரத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் தமிழ், இந்தி, தெலுங்கு, மராத்தி, உருது, கிரியோல் என்று பிரிந்து வெவ்வேறு அறைகளில் இருப்பார்கள். தமிழ் அறையில் இரண்டு மூன்று பிரிவுப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பாசிரியரின் பதிவேட்டில் 30 பெயர், அவர் முன்னால் இருப்பதோ 9 பிள்ளைகள். மணி அடித்ததும் பிள்ளைகள் பழக்கத்தில் தங்கள் வகுப்பாசிரியரைத் தேடி ஓடுவார்கள், தமிழாசிரியர் தன் பிள்ளைகளைக் காணோம் என்று தேடுவார். இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கழிப்பறையில் இருக்கும் பிள்ளையை யாரும் தேட மாட்டார்கள்.

தீர்வு எளிது. மணி அடிக்கும்போது யாருடைய அறையில் பிள்ளை இருக்கிறதோ, அவரே பொறுப்பு. அவருடன்தான் வெளியே வர வேண்டும், அவர்தான் எண்ண வேண்டும். இதற்கு ஒவ்வொரு மொழியாசிரியரிடமும் தன் குழுவின் தனிப் பட்டியல் இருக்க வேண்டும். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்று எழுதியிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வையுங்கள், கைப்பைக்குள் வேண்டாம். கூடும் இடத்துக்குப் போன பிறகு ஒவ்வொரு ஆசிரியரும் "இருந்தது 22, வந்தது 22" என்று ஒருவரிடம் மட்டும் சொல்ல, அவர் கூட்டிப் பார்த்து அன்றைய வருகை எண்ணிக்கையோடு ஒப்பிடுவார். அன்றைய வருகை எண் காலை 9.30-க்குள் அலுவலகப் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

"வருடத்துக்கு ஒருமுறை தீப் பயிற்சி செய்கிறோமே, அது போதாதா?"

தீப் பயிற்சியில் பிள்ளைகள் கீழே இறங்கி மைதானத்துக்கு ஓடக் கற்கிறார்கள். வெள்ளம் வந்தால் மைதானம்தான் முதலில் நிரம்பும். ஒரே பயிற்சியை மட்டும் செய்து பழகிய பிள்ளை எந்த மணி கேட்டாலும் மைதானத்துக்கே ஓடும். அதனால் இரண்டு வேறு ஓசை வேண்டும். விட்டுவிட்டு அடிக்கும் மணி என்றால் வெளியே, நீண்ட விசில் மூன்று முறை என்றால் மேலே. மின்மணியை நம்பாதீர்கள், கைமணியும் விசிலும் போதும்.

பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குள் முதல் பயிற்சி. அந்த ஆண்டு தைப்பூசக் காவடி சீக்கிரம் வந்து நாட்கள் குறைந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். பிறகு மார்ச்சுக்குள் இன்னொன்று, இந்த முறை இடைவேளையில். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது செய்யும் பயிற்சியில் எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். மூன்றாவதை மேலே சொன்ன மொழி வகுப்பு நேரத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் கடைசிப் பிள்ளை வந்து சேர எவ்வளவு நேரம், எண்ணி முடிக்க எவ்வளவு நேரம் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். பெரும்பாலும் வருவதற்கு ஆகும் நேரத்தைவிட எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகும்.

"பிள்ளைகளை ஆறு மணி நேரம் பள்ளியிலேயே வைத்திருக்க வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும்?"

240 பிள்ளைகள் உள்ள பள்ளியை எடுத்துக்கொள்வோம். குடிக்கத் தலைக்கு 1 லிட்டர், மொத்தம் 240 லிட்டர். 20 லிட்டர் பாட்டில் என்றால் 12. கழிப்பறைக்குத் தனிக் கணக்கு. ஒரு பிள்ளை ஒருமுறை போனால் ஊற்ற 5 லிட்டர், ஆகமொத்தம் 1,200 லிட்டர். குடிநீரை மட்டும் கணக்கிட்டு இதை மறந்துவிடுவதுதான் வழக்கமான பிழை. குழாயில் தண்ணீர் நின்ற இரண்டாவது மணி நேரத்தில் குடிநீர் பாட்டிலைத் திறந்து கழிப்பறையில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். எச்சரிக்கை வந்ததும் பெரிய டிரம்களை நிரப்பி, கழிப்பறை வாசலில் ஒரு வாளியும் ஒரு குவளையும் வைத்துவிடுங்கள்.

சாப்பிடத் தலைக்கு ஒரு சிறிய பாக்கெட் பிஸ்கட், அதில் கடலை இல்லாததாகப் பாருங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும். அறைக்கு ஒரு டார்ச், பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும், உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச் கெட்டுவிடும். பேட்டரியில் ஓடும் வானொலி ஒன்று. முதலுதவிப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குப்பைப் பைகள், மாற்று உடை சில. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்ப் பஞ்சுகளும் இருக்கட்டும். இந்தப் பட்டியல்களில் அடிக்கடி விட்டுப்போவது அதுதான்.

"ஆஸ்துமா உள்ள பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, இவர்களுக்கு?"

பெயர் சொல்லி இரண்டு பெரியவர்களை நியமியுங்கள். ஒருவர் விடுப்பில் இருந்தால் மற்றவர். ஒருவரை மட்டும் போடும் திட்டம் அவர் வராத நாளில் இல்லாமல் போகிறது. இன்ஹேலர் வீட்டுப் பையில் ஒன்று, பள்ளியில் ஒன்று. மாடிப்படியில் சக்கர நாற்காலியோடு தூக்குவதா, பிள்ளையை மட்டும் தூக்குவதா என்பதைப் பயிற்சியில் செய்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும், பிள்ளையையும் கேட்டு. சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை இருந்தால் பயிற்சி பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"சன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினால் உடையாதாமே?"

உடையும். டேப் கண்ணாடிக்குப் பலம் சேர்ப்பதில்லை. சிலசமயம் பெரிய பெரிய துண்டுகளாக விழ வைக்கும், அது இன்னும் மோசம். 12 மி.மீ. ஒட்டுப்பலகையை அளவாக அறுத்து, எந்தச் சன்னலுக்கு எது என்று எண் எழுதி, துளைகளையும் முன்பே போட்டு வையுங்கள். கிளாஸ் 1 அறிவித்த பிறகு கடைக்குப் போனால் பலகை கிடைக்காது. காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. புயலின் கண் கடந்தால் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும், திறந்து வைத்த பக்கமே அடி வாங்கும்.

"எங்கள் பள்ளி கான்கிரீட் கட்டடம். கூரை பற்றிக் கவலை இல்லையே?"

1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கரோல் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களுக்குப் பிறகுதான் இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. காற்றுக்கு அது நல்ல பதில். தட்டைக் கூரைக்கு எதிரி அடைத்த வடிகால். 200 சதுர மீட்டர் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இருந்து, வெளியேறும் குழாயை மாவிலையும் பந்தும் அடைத்துக்கொண்டால் 10 செ.மீ. தண்ணீர் தேங்க அதிக நேரம் ஆகாது. அது 20,000 லிட்டர், அதாவது 20 டன். பந்து என்று வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஏறிப் பார்த்தால் தெரியும்.

அக்டோபரில் ஒருமுறை, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் முன்பு ஒருமுறை துப்புரவு செய்யுங்கள். குழாய் வாயில் தட்டையான சல்லடை போட்டால் இலை அதன்மேல் படிந்து அடைக்கும், குவிந்த கூண்டு மாதிரிச் சல்லடை போடுங்கள். கைப்பிடிச் சுவரில் கூரைத் தளத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஓர் அவசர வெளியேற்றுத் துளை இருந்தால் குழாய் அடைத்தாலும் தப்பலாம். அதை எங்கே போடுவது என்பதைப் பொறியாளரே சொல்லட்டும். விரிசலில் துருக்கறை தெரிந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது என்று பொருள், பூச்சு வேலையோடு விட்டுவிடக் கூடாது.

"புயல் ஓய்ந்துவிட்டது. மறுநாளே பிள்ளைகளை அனுப்பலாமா?"

பள்ளி முதலில் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். அறுந்து தொங்கும் மின்கம்பி, பாதி முறிந்து மேலே தொங்கும் கிளை, சாய்ந்த சுற்றுச்சுவர் மூன்றும் முதலில். மின்பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் மின்பணியாளர் பார்க்காமல் விசையை ஏற்றக் கூடாது. சேற்றை வாரும்போது கையுறையும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம், எலிச் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குள் வெள்ளமோ குப்பையோ போயிருந்தால் காலி செய்து, தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் ஜவேல் (குளோரின் வெளுப்புத் திரவம்) ஊற்றுங்கள். இது 5 சதவீதக் குளோரின் உள்ள, வாசனை சேர்க்காத ஜவேலுக்கான கணக்கு. பாட்டிலில் 2.5 சதவீதம் என்றிருந்தால் இரட்டிப்பு. எல்லாக் குழாயையும் திறந்து குளோரின் வாசனை வரும்வரை ஓடவிட்டு மூடி, குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் விட்டு, முழுவதையும் வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. பிறகு நிரப்பும் தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 40 மி.லி. போதும், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ஜவேலைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

"கொசு விஷயம் சுகாதாரத் துறை வேலைதானே?"

மருந்து அடிப்பது அவர்கள் வேலை. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது நம் வேலை. முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும், அதனால் வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வையுங்கள், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், அடைத்த தண்ணீர்க்கால்வாய் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் போதும். சிக்குன்குனியா 2006-இல் தீவையே படுக்க வைத்தது நினைவிருக்கும்.

"வெயில் தாங்கவில்லை. ஏ.சி. கேட்கலாமா?"

கேட்கலாம், ஆனால் மின்சாரம் நிற்கும் நாளில்தான் அது அதிகம் தேவைப்படும். முதலில் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல், எதிரெதிர் சன்னல்கள் திறந்து காற்று குறுக்கே ஓட வழி. காற்றோட்டத்துக்குக் குறுக்கே அலமாரியை நிறுத்தி வைத்திருக்கும் வகுப்பறைகள் ஏராளம், நகர்த்தினால் செலவில்லாமல் பாதிக் குறை தீரும். விளையாட்டு வகுப்பைக் காலை முதல் மணிக்கு மாற்றுங்கள். விளையாடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் குவளை தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல்.

பிள்ளை தலைவலி, வாந்தி என்றால் நிழலில் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, உளறினாலோ, உடல் கொதித்து மயங்கினாலோ அது வெப்ப அதிர்ச்சி. முதலில் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அதே நேரத்தில் இன்னொருவர் 114-ஐ அழைக்கட்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

"ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் தண்ணீர் வெட்டு. மழைநீரைப் பிடித்தால் என்ன?"

பிடிக்கலாம், கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும். 150 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 3,000 லிட்டர், வீணாவதைக் கழித்தால் சுமார் 2,400. ஒரே மழையில் 2,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். முதல் 1 மி.மீ. மழை கூரை அழுக்கைக் கழுவிக்கொண்டு வருவதால் அதைத் தள்ளிவிட வேண்டும், இந்தக் கூரைக்கு அது 150 லிட்டர். பலர் 1 மீட்டர் நீளக் குழாயை நட்டு அதுவே முதல் மழையைப் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். 10 செ.மீ. விட்டக் குழாயில் 1 மீட்டருக்கு 8 லிட்டர்கூடப் பிடிக்காது. 200 லிட்டர் டிரம் ஒன்றை வையுங்கள், அடியில் ஒரு சிறு குழாயும் வையுங்கள், அடுத்த மழைக்குள் காலியாகட்டும். நிரம்பிய தொட்டி புயலில் அசையாது. பாதி காலியானதைப் பட்டையால் கட்டுங்கள்.

"பள்ளி மலையடியில் இருக்கிறது. கடலோரப் பள்ளிக்குச் சொல்வது எங்களுக்கும் பொருந்துமா?"

பொருந்தாது. போர்ட் லூயிஸ் சித்ரகூட் போன்ற சரிவுகளில் ஆபத்து தண்ணீரோடு வரும் மண். கதவு திடீரென்று இறுகுவது, தரையிலும் சுவரிலும் புது விரிசல், சாயும் மரம், தெளிந்த ஊற்று கலங்குவது, இவற்றை எழுதி வைத்துத் தேதியோடு படம் எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினால் வளர்கிறதா என்று தெரியும். மண் இறங்கும்போது சரிவின் கீழ்நோக்கி ஓடக் கூடாது, பக்கவாட்டில் விலக வேண்டும்.

கடலோரத்தில் தூரத்துப் புயலின் அலைகூடச் சாலையை மூடிவிடும், இங்கே காற்றே இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் காத்ர் சேர் கடலோரத்தில் பாதுகாப்பு மையம் ஒன்று கட்டப்பட்டது. உங்கள் பள்ளியிலிருந்து வெளியேறும் சாலை ஒன்றுதானா, அது கடலை ஒட்டியா என்பதைப் பாருங்கள். ஆம் என்றால், அலை ஏறுமுன்பே முடிவெடுக்க வேண்டும்.

"என் பாட்டி கரோலையே பார்த்தவர். இதெல்லாம் எப்போதும் உண்டு, பருவநிலை மாற்றம் என்று புதுப்பேச்சு எதற்கு என்கிறார்."

பாட்டி சொல்வதில் பாதி சரி. கரோலில் மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் காற்று வீசியது, 1975-இல் ஜெர்வேஸ் வந்தது. புயல்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று விஞ்ஞானிகள் சொல்லவில்லை, பலமான புயல்களின் பங்கு கூடும் என்றுதான் சொல்கிறார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், மழை கொட்டினால் அதற்கேற்பக் கொட்டும். கடல் மட்டமும் உயர்வதால் ஆற்று வாயில் தண்ணீர் வடிய அதிக நேரம் ஆகிறது. இதற்கு மேல், கரும்புத் தோட்டமாக இருந்த இடமெல்லாம் சிமெண்டு ஆகிவிட்டது, ஊறிப்போன தண்ணீர் இப்போது ஓடுகிறது. பாட்டியிடம் அந்தக் காலத்தில் ஊரில் தண்ணீர் எதுவரை வந்தது, எந்த ஓடை எங்கே ஓடியது என்று கேட்டு, பிள்ளைகளை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மூடப்பட்ட பழைய ஓடையைத் தண்ணீர் மறக்காது, இது பாட்டிகளுக்குத் தெரிந்த அளவு பலருக்குத் தெரியாது.

"பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் காசே இல்லை. எதை முதலில் செய்வது?"

காசு கேட்காத வேலைகள் முதலில்: ஒப்படைப்பு அட்டை, மொழிக் குழுப் பட்டியல், வருகைப் பலகை, மண்டபச் சாவி, வேன்காரர் ஒப்பந்தம், கூரை வடிகால் துப்புரவு. இந்த ஆறும் ஒரு வாரத்தில் முடியும். பிறகு சில ஆயிரம் ரூபாயில் விசில்கள், டார்ச், வானொலி, டிரம், குவிந்த சல்லடை. ஒட்டுப்பலகையை ஆண்டுக்கு இரண்டு அறை என்று பிரித்துக்கொள்ளலாம். வெள்ளைப் பூச்சும் மழைநீர்த் தொட்டியும் அதற்குப் பிறகு. படம் எடுத்துப் போடப் பெரிய தொட்டிதான் நன்றாக இருக்கும் என்பதால் சில பள்ளிகள் அதிலிருந்து தொடங்குகின்றன, பட்டியல் மட்டும் எழுதப்படாமலே கிடக்கும். 999, 112 காவல், 114 ஆம்புலன்ஸ், 115 தீயணைப்பு என்ற எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, அலுவலகத்தில் மட்டும் இல்லாமல் ஒவ்வொரு அறையிலும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள்.